இரண்டு சொட்டு எண்ணெய்

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். முப்பது ஜோடிச் செருப்புகள் வெளியே வெயிலில் காயும். நாங்கள் முப்பது பேரும் உள்ளே ஏ.சி. குளிரில் வெறுங்காலைத் தேய்த்துக்கொண்டு எட்டு மெஷின்களுக்காகக் காத்திருப்போம். எம்.சி.ஏ. முதலாண்டில் நான் படித்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம்.

இந்தச் செருப்பு விஷயத்தை வீட்டில் வந்து உளறினேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை.

"செருப்ப வெளிய உட்டுட்டுத்தான் உள்ள போவணுமா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"உள்ள எதுனா துன்னக் கூடாதா?"

"கூடவே கூடாது. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அன்றோடு அவள் மனதில் கம்ப்யூட்டர் சாமி வரிசையில் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் தலைக்குக் குளிக்காமல் நான் லேபுக்குக் கிளம்பினால் திட்டு விழும்.

நைனா வேறு ரகம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அவர் பிட்டர். தாத்தா காலம்வரை பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நைனாதான் முதன்முதலில் சேற்றை விட்டு கிரீஸுக்கு வந்தவர். அவருக்குத் தெரியாத இயந்திரம் உலகத்தில் இருக்கக் கூடாது.

"அது எத்தினி எச்.பி. மோட்டாரு?" என்று கேட்டார்.

"மோட்டாரே கெடையாது நைனா. உள்ள சின்னதா பேனு ஒண்ணு சுத்தும், அவ்ளோதான்."

"மோட்டார் இல்லாம இன்னா மெஷினு? சுத்தணும், இல்ல ஏறி எறங்கணும். சும்மா குந்திகினு இருந்தா அதுக்குப் பேரு மெஷினா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. நானும் சும்மா உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறேன்! மறுநாளே பிளாப்பியைக் கொண்டுவந்து காட்டினேன்.

பிளாப்பி என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, சதுரமான, மெல்லிய கறுப்பு உறை. அதற்குள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டத் தகடு, நடுவில் ஓட்டை. மெஷினில் செருகினால் அந்த வட்டம் கிர்ரென்று சுற்றும். நாங்கள் எழுதும் புரோகிராமெல்லாம் அதில்தான் தங்கும். மெஷினை நிறுத்திவிட்டால் மெஷினுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இரண்டு பேருக்கு ஒரு பிளாப்பி என்று டிபார்ட்மெண்டில் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவள் விடுதியில் தங்கிப் படித்த ஒரு திருநெல்வேலிக்காரி.

நைனா பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டையில் விரலை விடப்போனார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சுத்தும்ல? அப்ப இது மெஷின்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் கூட்டத்தில் பிளாப்பியை மடங்காமல் கொண்டுபோவது சாமானிய வேலையில்லை. இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவே அதை வைத்து, அட்டைகளைப் பழுப்பு உறையில் போட்டு, உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் ஏறுவேன். முதல் நாளே ஒரு கீரைக்கார அம்மா கேட்டாள்.

"இன்னாம்மா அது, எக்ஸ்ரேவா? யாருக்கு ஒடம்பு?"

இல்லை, இது பிளாப்பி, இதற்குள் புரோகிராம் இருக்கிறது என்று அந்தக் கசகசப்பில் யார் விளக்குவது? தலையை ஆட்டித் தொலைத்தேன். "எங்க நைனாக்கு."

"அடப் பாவமே. ஏய், நவுந்து குந்துங்கடி! எக்ஸ்ரே எடுத்துகினு போவுது பொண்ணு!"

உட்கார இடம் கிடைத்தது. ஒரு தடவை இடம் கிடைத்தபின் உண்மை பேச மனசு வருமா? அந்தப் பருவம் முழுக்க நைனாவுக்கு நெஞ்சில் சளி என்று சொல்லிச் சொல்லியே ஜன்னலோரமாகப் பயணம் செய்தேன். நைனாவோ குத்துக்கல் மாதிரி இருந்தார்.

முதல் பருவத்து புராஜெக்ட்டாக ஒரு ஸ்டோரில் பொருள் கொடுத்து வாங்குவதற்கு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் நூலகம், மருந்துக்கடை என்று எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்டோர் நைனாவின் தொழிற்சாலை டூல் ஸ்டோர்தான். கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து சோற்றோடு சேர்த்து அந்தக் கதையையும் எனக்கு ஊட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள் இருக்கும். ஜன்னலில் ஒரு டோக்கனைக் கொடுத்தால் கேட்ட டூல் கிடைக்கும். அந்த டூல் இருந்த ஆணியில் டோக்கனைத் தொங்கவிடுவார்கள். டூலைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்பி வரும். நைனாவின் நம்பர் 417.

அந்த டூல் ஸ்டோரைத்தான் நான் புரோகிராமாக எழுதிக்கொண்டிருந்தேன். நைனாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் "எங்க ஸ்டோர்ல அப்டி கெடையாது, இப்டி" என்று தினம் நூறு திருத்தம் சொல்வார். அவரை எனக்குத் தெரியாதா?

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. அடுத்த திங்கட்கிழமை புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எனக்கு மட்டுமில்லை, திருநெல்வேலிக்காரிக்கும் அதே கதிதான். இன்னொரு பிளாப்பியில் நகல் எடுத்துவைக்கச் சொல்லி லேப் பொறுப்பாளர் வாரம் தவறாமல் கத்துவார். நாளைக்கு, நாளைக்கு என்று நாங்களும் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். லீவில் ஏ.சி. ஓடாது, சூட்டில் பிளாப்பி கெட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று அவர் லேபில் ஒரு பிளாப்பியைக்கூட வைத்துவிட்டுப் போக விடவில்லை. ஊருக்குப் போகும் அவசரத்தில் என் ஜோடி, "பத்திரமா வச்சுக்கட்டி" என்று எங்கள் பிளாப்பியை என் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறினாள்.

ஆயுத பூஜையன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் நைனாவின் ஸ்பானர்கள், அரம், ஹாக்ஸா, அம்மாவின் அருவாமனை, என் நோட்டுப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவே மகாராணி மாதிரி பிளாப்பி. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். தலையில் ஒரு சாமந்திப் பூ.

"ஐயோ! அத்த யாரு எடுத்தது?"

"கத்தாத. பூசைல வெச்சத எடுக்கக் கூடாது. நாளைக்கிக் காலைலதான்" என்றாள் அம்மா.

நைனா வெள்ளை வேட்டியில் சூடத்தட்டோடு நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. சந்தனம் உறையின் ஓரத்தில்தான் இருந்தது. துடைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் விஜயதசமி காலையில் துடைத்தும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகச் சுண்டலும் தின்றேன்.

புதன்கிழமை லேபில் பிளாப்பியைச் செருகினோம். மெஷின் கர்ர் கர்ர் என்று இருமியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு மெஷினில் போட்டோம், அதே இருமல். லேப் பொறுப்பாளர் வந்து பிளாப்பியை உருவி, வெளிச்சத்தில் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என்னம்மா, தையல் மெஷின் எண்ணெய் வாசனை?"

எனக்கு உள்ளங்கால் சில்லென்றது, ஏ.சி.யால் இல்லை. அந்த வாசனை எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குள் நைனா நுழையும் முன்னால் நுழையும் வாசனை அது.

"எண்ணெயா? ஏட்டி, பிளாப்பில எதுக்குட்டி எண்ணெய்? முறுக்கா சுட்டிய?" என்றாள் என் ஜோடி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். லேப் பொறுப்பாளர் இரண்டு மெஷின்களையும் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே எங்களைத் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. பிளாப்பி போனது போனதுதான் என்று கைவிரித்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் செத்த பிளாப்பியை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினேன். கூடைக் கீரையை விற்றுவிட்டு அதே ரயிலில் ஊர் திரும்பிய கீரைக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, எக்ஸ்ரேல இன்னா சொல்லிட்டாங்க?"

நான் இன்னும் பெரிதாக அழுதேன். பெட்டியே உச்சுக் கொட்டியது. "அழுவாத கண்ணு, நைனாக்கு ஒண்ணும் ஆவாது" என்று மிச்சமிருந்த ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் மடியில் போட்டாள். எனக்கு ரயிலிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

வீட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "பிளாப்பில யாரு எண்ணெ உட்டது?"

"உங்க நைனாதான். பூசைக்கி மின்னாடி எல்லா டூலையும் தொடச்சி எண்ணெ போடுவாருல்ல? இது சுத்தல, டைட்டா கீதுன்னு நடு ஓட்டைல ரெண்டே ரெண்டு சொட்டு உட்டாரு. எம் பொண்ணு மெஷினு சிக்காம ஓடணும்னாரு. ஏன், ஓடலியா?"

ஓடவில்லை என்று சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நைனா ஒரு டூலைக்கூடக் கெடுத்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மீசையை முறுக்குகிற மனுஷன். பெண்ணின் படிப்பில் தானே எண்ணெய் ஊற்றிவிட்டோம் என்று தெரிந்தால் அவர் சோறு தின்னமாட்டார். காலேஜ் மெஷின்தான் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று நானும் அம்மாவும் பேசி முடிவு செய்தோம்.

புரோகிராமைத் திரும்ப எழுதியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அகலமான தாள், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள். அதைத் தேடினால் காணோம்.

"ஓட்ட போட்ட பேப்பரா?" என்றாள் அம்மா, ஈனஸ்வரத்தில்.

சமையலறை அலமாரியில் இருந்தது என் புரோகிராம். பூஜைக்கு வீடு துடைத்தபோது, ஓட்டை வைத்து அழகாக இருக்கிறதே என்று தட்டுகளில் விரித்து, முன்பக்கம் தொங்கும் ஓரத்தைக் கத்தரியால் வளைவு வளைவாக வெட்டி அலங்காரம் செய்திருந்தாள். ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு மூன்று எழுத்துகள் அந்த வளைவோடு போயிருந்தன. புளி டப்பாவுக்குக் கீழே இரண்டு பக்கம், எண்ணெய்த் தூக்குக்குக் கீழே ஒன்று, மஞ்சள்தூளுக்குக் கீழே ஒன்று. கடைசிப் பக்கம் இல்லவே இல்லை.

"அத்துல பக்கத்து ஊட்டுக்கு சுண்டல் மடிச்சிக் குடுத்துட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்து, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்துதான் என் படிப்புக்குக் கொள்ளி வைத்தீர்கள் என்று கத்தினேன். பிறகு எழுந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். வேறு வழி?

நைனா வந்தார். சைக்கிளை நிறுத்தினார். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்தேன். "காலேஜ் மெஷின் ரிப்பேரு நைனா. எழுதினதெல்லாம் அழிஞ்சிபோச்சி. திங்கக்கெழமைக்குள்ள திரும்ப எழுதணும்."

"அப்டியா?" என்றார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வழக்கத்தைவிட வெகுநேரம் கழுவினார். வந்து, மஞ்சள் கறை படிந்த தாளை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் படிக்கிறேன். நீ எழுது."

இன்ஜினியரிங் டிராயிங் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அத்துப்படி. அச்சில் எல்லாம் பெரிய எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். குறியீடுகளுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். அரைப்புள்ளி வந்தால் "புள்ளியும் வாலும்." அடைப்புக்குறி வந்தால் "லெப்ட் வளைவு, ரைட்டு வளைவு." வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கே அரைமணியில் பழகிவிட்டது. நைனா ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கினால், "புள்ளியும் வாலும் வுட்டுட்டியே" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவள் சொன்னது சரியாகவும் இருந்தது.

"ஏன் திடீர்னு முருங்கக்கீர?" என்று நைனா கேட்டார். நெஞ்சுக்கு நல்லது என்று சொன்னேன்.

அப்படியே புதன், வியாழன், வெள்ளி, சாயங்காலம் தோறும் எழுதினோம். எழுதியதை மறுநாள் லேபில், இரவல் வாங்கிய பிளாப்பியில், என் ஜோடி தட்டி ஏற்றினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், புரோகிராமைச் சோதித்துப் பார்க்க நான் கொடுத்திருந்த விவரங்கள் வந்தன. முதல் வரியில் வெட்டுப்படாத பகுதி.

"நாலு... ஒண்ணு... ஏழு" என்று படித்தவர் நின்றுவிட்டார். தாளைக் கிட்டக் கொண்டுபோனார். "இது நம்ம நம்பராச்சே."

"ஆமா நைனா. இது உங்க டூல் ஸ்டோருதான்."

அவர் மீசைக்குக் கீழே உதடு மட்டும் கோணியது. நூறு திருத்தம் வரும் என்று நான் பயந்தேன் அல்லவா, ஒன்றுகூட வரவில்லை. சுண்டலோடு போன கடைசிப் பக்கத்துக்காக நானே கேட்கவேண்டியிருந்தது. "டூல் திரும்பி வரலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"சாய்ங்காலம் சங்கு ஊதறப்ப யாரு டோக்கன் ஆணில தொங்குதோ, அவன் நம்பரு நோட்டுல ஏறும்."

"அவ்ளோதானா?"

"ஒடஞ்சி வந்தா இன்னா பண்ணுவ? அத்த எழுதலியே நீ" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை. "ஒடச்சவனுக்கு டோக்கனக் குடுக்க மாட்டாங்க. அவன் அத்த சரி பண்ணி, ஓட்டிக் காட்டணும். ஓடுச்சின்னாதான் டோக்கன். அதுவரிக்கும் ஆணியிலயே தொங்கும்."

அதையும் எழுதிக்கொண்டேன். ஃபேன் காற்றில் தாள் பறந்தது. நைனா சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். எழுதி முடித்ததும் நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்கையிலயே இருக்கட்டும். எல்லாம் ஓடினப்பறம் குடு" என்றார். ராசிக்காகச் சொல்கிறார் என்று நினைத்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரயிலில் கீரைக்கார அம்மா, "நைனாக்கு எப்டி கீது?" என்றாள். "தேவல" என்றேன். லேபில் புரோகிராம் ஒரு தடவை நடுவில் நின்று எங்கள் உயிரை வாங்கியது. ஒரே ஒரு புள்ளியும் வாலும்தான் விட்டுப்போயிருந்தது. போட்டதும் ஓடியது. தேர்வாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே 417 என்று தட்டி, டூல் உடைந்து வந்ததாகக் கொடுத்துப் பார்த்தார். டோக்கன் தர வேண்டாம் என்று திரையில் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "பரவாயில்லையே, இதையெல்லாம் யோசித்திருக்கிறீர்களே" என்றார். என் ஜோடி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். வெறுங்கால், வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது நைனா வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சி நைனா."

"நெசமா?"

"நெசமா. பரீட்ச எழுதலாம்னுட்டாங்க. ரெண்டு பேருமே."

கையை வேஸ்ட் துணியில் அழுத்தித் துடைத்தார். உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"அப்ப என் டோக்கனக் குடு."

பாக்ஸைத் திறக்கப் போன என் கை அப்படியே நின்றது. உடைத்தவன் சரிசெய்து ஓட்டிக் காட்டினால்தான் டோக்கன். வெள்ளிக்கிழமை என் கையால் நானே எழுதியது.

"நைனா, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழமயே. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குற அம்மாகிட்ட போயி, பிளாப்பிக்கு எந்த எண்ணெ நல்லதுன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல ஆபீஸே எந்திரிச்சிடுச்சி. அன்னிலேந்து பசங்க ஒருத்தனும் உடல. 'அண்ணாத்தே, டீக்கு எண்ணெ உட்டியா? காத்தாடிக்கு உட்டியா?'ன்னு ஒரே ரோதன."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? ஊட்டுக்குள்ள நொழையறேன், மெஷின் ரிப்பேருன்னு நீ முந்திகினு சொல்லிட்ட. என்னியக் காப்பாத்த வந்த புள்ளயப் பொய்க்காரின்னு ஆக்கச் சொல்றியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு வழியாக ஏதோ சத்தம் கேட்டது. மூன்று சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை பேசாமல், புள்ளியும் வாலும் என்று படித்திருக்கிறார் மனுஷன். டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தேன். சட்டைப்பையில் போட்டு, விழுந்துவிடாமல் இருக்க இரண்டு தட்டு தட்டிக்கொண்டு, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடக் குனிந்தார்.